பரம்பரை நரம்பு நோய்கள் சில ஊர்களில் மட்டும் குவிவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்த்துக்கல்லின் வடக்குக் கடற்கரையில் போவோவா தெ வர்சிம், விலா தோ கோந்தே என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவரைத் தாக்கும் ஒரு பரம்பரை நரம்பு நோய், பல நாடுகளில் லட்சம் பேரைத் தேடினாலும் ஒருவரிடம் தென்படுவது அரிது. டிரான்ஸ்தைரெட்டின் நோய் எனப்படும் அதை நடுவில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். ஒரு வட்டாரத்தின் விகிதம் எதைச் சொல்கிறது, ஒரு குடும்பத்துக்கு அது எதைச் சொல்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை.

பரம்பரை நரம்பு நோய் என்பது எது?

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கை, கால், குடல், இதயம் வரை செல்லும் நரம்புகளைப் புற நரம்புகள் என்கிறோம். மரபணுவில் உள்ள மாற்றத்தால் இவை பழுதடைந்தால் அது பரம்பரைப் புற நரம்பு நோய். சர்க்கரை நோயாலும் தொழுநோயாலும் மதுவாலும் வைட்டமின் பி12 குறைவாலும் இதே நரம்புகள் பழுதடைகின்றன. அதனால்தான் பரம்பரை நோய் உள்ளவர்கள் பல ஆண்டுகள் வேறொரு நோயின் பெயரில் சிகிச்சை பெறுகிறார்கள்.

இவற்றில் அதிகம் காணப்படுவது எது?

ஷார்கோ–மரீ–டூத் நோய். 1886இல் பாரிஸில் ஷார்கோவும் மரீயும், இங்கிலாந்தில் டூத்தும் தனித்தனியே விவரித்தது. பாத வளைவு உயர்ந்துவிடும், கெண்டைக்கால் மெலியும், நடக்கும்போது பாதம் தொங்கும். சிறு வயதிலோ இளமையிலோ தொடங்கி மெதுவாகக் கூடும். பெரும்பாலும் ஆயுளைக் குறைப்பதில்லை.

2,500 பேரில் ஒருவருக்கு இந்த நோய் என்று எங்கும் எழுதியிருக்கிறதே, அது எல்லா நாட்டுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. 1974இல் மேற்கு நார்வேயில் எண்ணியதிலிருந்து வந்த எண் அது. பின்னாளில் அதே நார்வேயின் கிழக்குப் பகுதியில், மரபணுச் சோதனையும் சேர்த்துக் கணக்கெடுத்தபோது 1,214 பேரில் ஒருவர் என்று வந்தது. ஜப்பானின் மேற்குப் பகுதியில் எடுத்த கணக்கோ லட்சத்துக்கு 11 பேர் அளவில்தான், அதாவது பத்தாயிரத்தில் ஒருவரை ஒட்டி, நின்றது.

இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி உண்மையாகவே மக்களிடம் உள்ள வேறுபாடு. இன்னொரு பகுதி, எண்ணியவர்கள் எவ்வளவு தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் ஓர் எண் வரும். நோயாளியின் வீட்டுக்கே போய் அண்ணன், அத்தை, பேரப்பிள்ளை என்று எல்லோருடைய காலையும் தொட்டுப் பார்த்தால் அதைவிடப் பெரிய எண் வரும். ஒரு நாட்டில் விகிதம் குறைவு என்று படிக்கும்போது, அங்கே நோய் குறைவா, நரம்பியல் மருத்துவர்கள் குறைவா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவின் பெரும்பகுதியைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

ஒரு நோய் எங்கும் பரவியிருக்க, இன்னொன்று ஓர் ஊரில் குவிவது எதனால்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஷார்கோ–மரீ–டூத் நோயின் மிகப் பரவலான வகையில், 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்துவிடுகிறது. அந்த இடம் இயல்பாகவே பிழைக்கு இடம் கொடுக்கும் அமைப்பு உடையது. ஆகவே தலைமுறைதோறும் உலகின் எந்த மூலையிலும், குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாதபோதும், புதிதாக அது தோன்றிவிடும். இப்படிப்பட்ட நோய் எல்லா மக்களிடமும் ஓரளவு இருந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் வழி மூதாதை விளைவு. பெரிய களஞ்சியத்திலிருந்து ஒரு படி நெல்லை விதைக்காக எடுத்துச் செல்கிறோம்; அந்தப் படியில் தற்செயலாக ஒரு களை விதை கலந்திருந்தால், களஞ்சியத்தில் அபூர்வமாக இருந்த களை புதிய வயலில் எங்கும் தலைகாட்டும். மக்கள் குடியேற்றமும் அப்படித்தான். சில நூறு பேர் ஓரிடத்தில் குடியேறி, வெளியூர்ச் சம்பந்தம் அதிகமின்றிப் பல்கிப் பெருகினால், அவர்களுள் ஒருவரிடம் இருந்த மரபணு மாற்றம் பல தலைமுறைக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்களிடம் இருக்கும். நோய் பிள்ளை பெறும் வயதுக்குப் பிறகு தொடங்குவதாக இருந்தால் இது இன்னும் எளிது. தெரிய வருவதற்குள் அடுத்த தலைமுறை பிறந்துவிடுகிறது.

போவோவா தெ வர்சிமில் நோயைக் கண்டுபிடித்தது யார்?

போர்ட்டோ நகரின் சாந்தோ அந்தோனியோ மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவராக இருந்த கோரினோ தெ அந்திராதே. 1939இல் போவோவா தெ வர்சிமைச் சேர்ந்த ஒரு பெண் அவரிடம் வந்தார். காலில் உணர்ச்சி இல்லை, தொடர்ந்த வயிற்றுக் கோளாறு, நடையில் தளர்ச்சி. அவர் சொன்ன ஒரு செய்திதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது: ஊரில் இன்னும் பலருக்கு இது இருக்கிறது, எங்கள் மொழியில் அதைச் 'சிறு பாத நோய்' என்று அழைக்கிறோம். மருத்துவ நூல்களில் இல்லாத நோயை மீனவக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பெயர் வைத்து அறிந்திருந்தன.

உணர்ச்சியற்ற பாதம், ஆறாத புண் என்றதும் தொழுநோய் என்று எண்ணுவதே அக்காலத்தில் இயல்பு. அந்திராதே அங்கே நிற்கவில்லை. குடும்பம் குடும்பமாகத் தேடினார், திசுக்களை ஆராய்ந்தார், நரம்புகளில் அமிலாய்டு என்ற புரதப் படிவு இருப்பதைக் கண்டார். 1952இல் 'பிரெயின்' என்ற ஆங்கில மருத்துவ இதழில் வெளியான அவருடைய கட்டுரைதான் இந்த நோயை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. பாமர மக்கள் தங்கள் நோயைப் பற்றிச் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு மருத்துவரால் மட்டுமே இது முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வட்டார விகிதம் என்பது முதலில் ஊர்மக்களின் நினைவில்தான் பதிவாகிறது.

இந்த நோய் உடலில் என்ன செய்கிறது?

டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தைப் பெரும்பாலும் கல்லீரல் தயாரிக்கிறது. தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் இரத்தத்தில் சுமந்து செல்வது அதன் வேலை. நான்கு ஒரே மாதிரியான துண்டுகள் சேர்ந்தால்தான் அது முழுப் புரதம். ஒவ்வொரு துண்டிலும் 127 அமினோ அமிலங்கள். இவற்றில் 30ஆம் இடத்தில் வாலினுக்குப் பதிலாக மெத்தியோனின் வந்துவிடுவதுதான் போர்த்துக்கல் நோயாளிகளிடம் உள்ள மாற்றம். அந்த ஒரே மாற்றத்தால் நான்கும் பிரிந்து, தவறாக மடிந்து, கரையாத நார்களாக நரம்பிலும் இதயத்திலும் குடல் சுவரிலும் படிகின்றன.

முதலில் கெடுவது வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய நரம்பிழைகள். பாதத்தில் எரிச்சல், மரமரப்பு. சுடுநீர் பட்டுக் கொப்புளம் வந்த பிறகே தெரிவது. பிறகு தானியங்கி நரம்புகள்: பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும், எடை குறையும், எழுந்து நின்றால் தலைசுற்றும், ஆண்களுக்கு விறைப்புத்தன்மை குறையும். இந்தக் கடைசி அறிகுறியே சிலருக்கு முதல் அறிகுறியாகவும் இருக்கும். கூச்சத்தால் மருத்துவரிடம் சொல்வதில்லை. அதற்குப் பின் தசைகள் தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். சிகிச்சை இல்லாவிட்டால், தொடங்கியதிலிருந்து பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் உயிர் போய்விடும். முப்பது வயதில் தொடங்கினால் அதன் பொருள் என்ன என்று அந்த மீனவக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சுவீடனிலும் ஜப்பானிலும் இதே நோய் உண்டாமே?

உண்டு. சுவீடனின் வடக்கே வெஸ்டர்பாட்டன், நோர்பாட்டன் மாவட்டங்களில், ஷெலெஃப்தியோ, பித்தியோ ஊர்களைச் சுற்றி, மக்களில் சராசரியாக 1.5 சதவீதம் பேர் இதே மாற்றத்தைச் சுமக்கிறார்கள். அங்கே இதை ஷெலெஃப்தியோ நோய் என்றே அழைக்கிறார்கள். ஜப்பானில் குமமோட்டோ மாகாணத்தின் அராவோ, நகானோ மாகாணத்தின் ஒகாவா ஆகிய இரு இடங்களில் நோய் குவிந்திருக்கிறது.

மரபணு மாற்றம் ஒன்றுதான் என்றால், நோயும் ஒரே மாதிரி இருக்குமா?

இல்லை. இந்த நோயில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். போர்த்துக்கல்லில் சராசரியாக முப்பதுகளின் தொடக்கத்தில் நோய் வெளிப்படுகிறது. வட சுவீடனில் ஐம்பதைத் தாண்டிய பிறகு. மாற்றத்தைச் சுமப்பவர்களில் ஐம்பது வயதுக்குள் நோய் வெளிப்படுவது போர்த்துக்கல்லில் சுமார் 80 சதவீதம் பேருக்கு. சுவீடனில் சுமார் 11 சதவீதம் பேருக்கு மட்டும். சுவீடனில் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தும் நோய் தொடாமலே போனவர்கள் இருக்கிறார்கள். சுமப்பவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் இருந்தும் நோயாளிகள் அதைவிட மிகக் குறைவாக இருப்பது இதனால்தான்.

மற்ற மரபணுக்கள், படியும் நாரின் வகை, தாயிடமிருந்து வந்ததா தந்தையிடமிருந்து வந்ததா என்பது என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். தாய் வழியாகப் பெற்ற பிள்ளைகளுக்கு நோய் முந்தி வரும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. இரு நாட்டு வேறுபாட்டை முழுவதும் விளக்கும் ஒற்றைக் காரணம் எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை.

ஆகவே 'மாற்றத்தைச் சுமப்பவர்கள்' என்ற எண்ணையும் 'நோயாளிகள்' என்ற எண்ணையும் ஒன்றாகக் கலந்து எழுதுவது பெரும் பிழை. செய்தித்தாள்கள் இதை அடிக்கடி செய்கின்றன. மரபணுச் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சி நிற்கும் ஒருவருக்கு அது செய்யும் தீங்கு சிறியதல்ல.

போர்த்துக்கல் மாலுமிகள்தான் நோயை ஜப்பானுக்கும் சுவீடனுக்கும் கொண்டுபோனார்களா?

கேட்க நன்றாக இருக்கும் கதை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் ஜப்பானின் கியூஷுத் தீவில் வணிகம் செய்ததும் உண்மை. ஆனால் மாற்றத்தைச் சுற்றியுள்ள மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டால், சுவீடன் குடும்பங்களின் அடையாளம் போர்த்துக்கல் குடும்பங்களுடையதிலிருந்து வேறுபடுகிறது. சுவீடனில் உள்ள மாற்றத்துக்கு ஏறத்தாழ 375 ஆண்டு வயது, போர்த்துக்கல்லில் உள்ளதற்கு ஏறத்தாழ 750 ஆண்டு என்று மரபியல் மதிப்பீடுகள் சொல்கின்றன. ஒரே எழுத்துப் பிழை இந்த இரு நாடுகளிலும் தனித்தனியே நேர்ந்திருக்கிறது. பிரேசிலின் கதை வேறு. அங்கே அது போர்த்துகீசியக் குடியேற்றத்தோடு போனதுதான்.

சொந்தத்தில் மணம் முடிப்பதால் வரும் நோயா இது?

தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். டிரான்ஸ்தைரெட்டின் நோய்க்குப் பதில்: இல்லை. இது ஓங்கு மரபு நோய். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். மாமன் மகளை மணந்தாலும் கண்காணாத ஊரில் பெண் எடுத்தாலும், அந்தப் பெண்ணும் இதே மாற்றத்தைச் சுமக்காதவரை, பிள்ளைக்கான வாய்ப்பு மாறாது.

ஒடுங்கு மரபு நோய்களில் நிலைமை வேறு. அங்கே தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும்; இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்றால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. பல்கேரியாவில் டான்யூப் ஆற்றங்கரை ஊரான லோமில் ரோமா என்னும் சிறுபான்மை இன மக்களிடம் கண்டறியப்பட்ட நரம்பு நோய் இந்த வகை. சிறு வயதிலேயே நடை கெட்டு, பிறகு காது கேளாமையும் சேரும். 1996இல் விவரிக்கப்பட்ட அந்த நோய், பின்னர் ஐரோப்பாவின் பிற நாடுகளில் வாழும் ரோமா குடும்பங்களிடமும் அதே மரபணு மாற்றத்தோடு காணப்பட்டது.

ஆனால் ஒடுங்கு மரபு நோய் குவிந்திருக்கும் இடமெல்லாம் நெருங்கிய உறவில் மணந்த இடம் என்றும் முடிவு கட்டக் கூடாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், ஷார்ல்வுவா, சகுனே வட்டாரங்களில் தள்ளாட்டத்தையும் நரம்புப் பழுதையும் சேர்த்துக் கொண்டுவரும் ஒரு நோய் இருக்கிறது. சகுனேயில் 22 பேரில் ஒருவர் அதன் பழுதான பிரதியைச் சுமப்பதாகக் கணக்கிட்டார்கள். காரணம், ஷார்ல்வுவாவில் குடியேறிய சில குடும்பங்களின் வழித்தோன்றல்களே 1838 முதல் சகுனேயை நிரப்பினார்கள். கணவனும் மனைவியும் தங்களை உறவினர் என்று அறியாமலே, பல தலைமுறைக்கு முந்தைய ஒரே மூதாதையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஏதேனும் உண்டா?

உண்டு, ஆனால் புற நரம்பு நோயல்ல. சிறுமூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். எஸ்சிஏ-1 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தள்ளாட்ட நோய் தமிழ்ச் சமூகம் ஒன்றில் மிக அதிகமாக இருப்பதை 2005இல் மருத்துவர்கள் 'நியூராலஜி இந்தியா' இதழில் வெளியிட்டார்கள். நடுவயதில் நடை தள்ளாடும், பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும். 6ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் அளவுக்கு மீறி நீண்டுவிடுவதே காரணம். இதுவும் ஓங்கு மரபு நோய்தான். வட இந்தியாவில் எஸ்சிஏ-12 என்ற இன்னொரு வகை, அகர்வால் சமூகத்தில் குவிந்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சமூகத்தின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதாமல் விடுகிறேன். ஆய்வேட்டில் அது இருக்க வேண்டும், மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பொதுவெளியில் வந்துவிட்டால் நோயின் பெயர் சாதியின் பெயராகி, நோயே இல்லாத பெண்ணுக்கும் வரன் தட்டிப்போகும்.

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் இது அரிது என்கிறார்கள். பிள்ளைக்கு வாய்ப்பு குறைவுதானே?

மாவட்ட விகிதத்துக்கும் உங்கள் பிள்ளைக்கும் தொடர்பில்லை. ஓங்கு மரபு நோயில், மாற்றத்தைச் சுமப்பவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. போவோவா தெ வர்சிமிலும் அதுதான், போடிநாயக்கனூரிலும் அதுதான். மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையவர் தப்புவார் என்பதும் கிடையாது. மாற்றத்தைப் பெறாத பிள்ளை அதைத் தன் வாரிசுகளுக்குக் கடத்த முடியாது. அந்தக் கிளையோடு அது நின்றுவிடும்.

அறிகுறி வருமுன்பே சோதனை செய்துகொள்ளலாமா?

செய்யலாம். கட்டாயமல்ல. போர்த்துக்கல்லில் இதற்கென்றே ஒழுங்கு செய்யப்பட்ட திட்டம் 1990களின் நடுவிலிருந்து நடக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கே சோதனை. அதற்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசகரும் உளவியலாளரும் பேசுவார்கள். அறிந்துகொள்ள விரும்பாதவரின் உரிமையும் மதிக்கப்படுகிறது. குழந்தை வேண்டும் தம்பதிகளுக்கு, செயற்கைக் கருத்தரிப்பில் மாற்றம் இல்லாத கருவைத் தேர்ந்து வைக்கும் வழியும் அங்கே உண்டு. சிறு பிள்ளைகளை, பெரியவர்களின் பதற்றத்தைத் தணிப்பதற்காக, சோதிக்கக் கூடாது.

சிகிச்சை உண்டா?

ஷார்கோ–மரீ–டூத் நோய்க்கு இன்னும் இல்லை. பயிற்சி, பாதத்தைத் தாங்கும் கருவி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை.

டிரான்ஸ்தைரெட்டின் நோயில் கதை மாறிவிட்டது. பழுதான புரதம் கல்லீரலில் பிறப்பதால் கல்லீரலையே மாற்றலாம் என்று 1990இல் சுவீடனில் செய்து காட்டினார்கள். எடுத்த கல்லீரல் மற்ற வகையில் நன்றாக இருப்பதால், வேறு கல்லீரல் கிடைக்க வழியில்லாத இன்னொருவருக்கு அதைப் பொருத்தும் முறையும் 1995இல் போர்த்துக்கல்லில் தொடங்கியது. 2011இல் ஐரோப்பா அனுமதித்த டஃபாமிடிஸ் மாத்திரை, நான்கு துண்டுகளும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. 2018இல் வந்த பட்டிசிரான், புரதம் உருவாவதற்கான செய்தியையே கல்லீரலில் அழித்துவிடுகிறது. அந்த வகையில் உலகில் அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். அதன் வழியில் 2022இல் வுட்ரிசிரான் வந்தது. எல்லாமே நோயை நிறுத்தவோ மெதுவாக்கவோ செய்பவை. இழந்த நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை, அதனால் தொடக்கத்திலேயே கண்டறிவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த மருந்துகளின் விலை சாதாரணக் குடும்பம் எட்டக்கூடியதல்ல. அரசு ஏற்காத நாட்டில் இவை பெயரளவில்தான் இருக்கின்றன. இதை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருக்க என்னால் முடியவில்லை.

நல்ல சிகிச்சை வந்தால் நோயின் விகிதம் குறையுமா?

முதலில் கூடும். பரவல் விகிதம் என்பது இப்போது நோயோடு உயிர் வாழ்பவர்களின் எண்ணிக்கை. முன்பு நாற்பத்தைந்தில் இறந்தவர் இன்று அறுபதைத் தாண்டினால் அவரும் கணக்கில் இருக்கிறார். 2016இல் போர்த்துக்கல் முழுவதும் 1,865 வயது வந்த நோயாளிகள் என்று கணக்கிட்டார்கள், அதாவது லட்சத்துக்கு சுமார் 23 பேர். ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுபவர்களோ லட்சத்துக்கு ஒருவரைவிடக் குறைவு. உலக முழுவதற்கும் சேர்த்து சுமார் 10,000 பேர் என்ற மதிப்பீடு உண்டு. அதன் மேல் எல்லை 38,000ஐத் தொடுகிறது. இவ்வளவு பெரிய இடைவெளி, இன்னும் எவ்வளவு பேர் பெயரில்லாத நோயோடு இருக்கிறார்கள் என்பதன் அளவு.

எங்கள் வீட்டிலும் இப்படி இருக்குமோ என்று சந்தேகம். எங்கே தொடங்குவது?

நரம்பியல் மருத்துவரிடம். போகும்முன் மூன்று தலைமுறைக்கான குடும்ப வரைபடம் ஒன்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு எந்த வயதில் கால் மரத்தது, யார் இளம் வயதில் இதய நோயால் இறந்தார், யாருக்குக் காரணம் தெரியாத பேதி இருந்தது, தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தவர்கள். 'சர்க்கரை நோய்' என்று சொல்லப்பட்டும் இரத்தத்தில் சர்க்கரை அதிகமில்லாதவர்கள் யாராவது இருந்தால் தனியாகக் குறியுங்கள்.

நரம்புக் கடத்தல் சோதனை இயல்பாக வந்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டாம். அந்தச் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கிறது. மெல்லிய இழைகள் கெடத் தொடங்கிய நிலையில் முடிவு சரியாகவே இருக்கும். எரிச்சலும் மரமரப்பும் தொடர்ந்து, குடும்பத்திலும் பிறருக்கு இருந்தால், மரபணுச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அதற்கு இரத்த மாதிரி போதும்.